கரிமரத்து நிழல்

பருத்திக்குறிச்சிக்கு வருகிறவர்கள், கூரை போட்ட நிறுத்தத்தில் இறங்காமல் அதைத் தாண்டி, மூடிக்கிடக்கும் பருத்தி ஜின்னிங் பாக்டரியின் நீண்ட மதிலோரம் இறங்குவதும், இறங்கியதும் தலைமுக்காட்டை விலக்கிவிட்டு ஒரு மூச்சு நின்று போவதும் எதனால் என்று கேட்டால், அவ்வூரார் ஒரே மாதிரி விடை சொல்வதில்லை. கிழக்குத் தெருவில், அந்த மதிலில் இருப்பது வேப்பமரம் என்பார்கள். மேலத் தெருவில் புளியமரம் என்பார்கள், அதனால்தான் அதன் நிழலில் படுத்தவர்களுக்குக் கெட்ட கனவு வந்தது என்றும் சேர்த்துக்கொள்வார்கள். பள்ளிவாசல் தெருவில் வாதுமை என்று சாதிப்பார்கள். மரத்தின் பெயரில் வேறுபடுகிறவர்கள், அதை மதிலில் கரியால் வரைந்தவளின் பெயரில் மட்டும் வேறுபடுவதில்லை. அவள் குருவம்மாள்.

குருவம்மாள் நாற்பதைத் தொடும் வயதினள். தம்பி வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்தாள். தம்பி மனைவி மூடி வைத்துவிட்டுப் போகும் சோற்றை நினைத்த நேரத்தில் உண்பாள். முன்பு தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டியவள். ஓர் ஐப்பசி அடைமழையில் அந்த ஆபீசின் சுவருக்குள்ளிருந்து, குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்களைப்போல, மூன்று பேர் அவளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவள் நடையைப் பேசினார்கள், அவள் ஒட்டிய பெட்டியைப் பேசினார்கள், அவள் செத்தால் யார் அழுவார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் ஒரு கோடு இழுத்தபோது, அறைக்குள் ஆள் நுழைந்ததும் பேச்சைத் தாழ்த்துகிறவர்களைப்போல அவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அன்றுமுதல் குருவம்மாள் எந்தச் சுவரைக் கண்டாலும் கோடு இழுத்தாள். சுவர்க்காரர்கள் விளக்குமாற்றோடு வந்தார்கள். ஊர் அவளுக்குக் கரிக்கிறுக்கி என்று பெயர் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடையில் மட்டும் மிஞ்சியது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் மனநல டாக்டர் வருவார். அந்த வரிசையில் நின்று நின்று முகம் பழகியவர்கள் சிலர், ஜின்னிங் பாக்டரியின் பழைய எடைமேடைக் கொட்டகையில் கூடத் தொடங்கினார்கள். அவர்களை யாரும் கூட்டிவைக்கவில்லை. சோடாக் கம்பெனியில் வேலை பார்த்து, இப்போது சோடா மூடிகளைக் கம்பியில் கோத்துக் கோத்துக் கோபுரமும் தேருமாகச் செய்துகொண்டிருந்த சூசைமாணிக்கம் தேத்தண்ணீர் போட்டான்; தானும் படிக்க இயலாத ஓர் எழுத்தில் பழஞ்சேலைகள்மீது பக்கம் பக்கமாகத் தைத்துக்கொண்டிருந்த ஜொகரா பீவி டம்ளர் கழுவினாள். கலை என்ற சொல் அங்கே புழங்கவில்லை. கைவேலை என்றார்கள்.

கொட்டகைக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒருவருக்குத் தெரிவதையோ கேட்பதையோ மற்றவர் 'இல்லை' என்று சொல்வதில்லை என்பது முதலாவது. வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள், தெருவில் கேட்டவர்கள், உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடமும் கேட்டவர்கள் அவர்கள். ஆகவே அச்சொல்லைச் செருப்போடு வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். சீனி தீர்ந்தால்கூட 'சீனி நாளைக்கு வரும்' என்றுதான் சொல்லிப் பழகினார்கள். இரண்டாவது, துணையிருப்பு. ஒருவருக்கு நாள் சரியில்லாதபோது மற்றவர் தம் கைவேலையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்வார். புத்தி சொல்வதில்லை, கையைப் பிடிப்பதில்லை, வெறுமனே உட்கார்ந்து தம் வேலையைச் செய்வார்.

குருவம்மாள் அந்தத் தை மாதத்தில் பாக்டரி மதிலின் வெளிப்புறத்தில், சாலையைப் பார்த்து, ஒரு மரம் வரையத் தொடங்கினாள். டீக்கடைக் கரி, ஓடைக்கரைச் செம்மண், பச்சைக்குக் கோவை இலை. மாத்திரை தின்று தூங்கி எழுந்து, குழாயடிப் பெண்கள் அடுத்த தெருவில் பேசுவதுபோல் தொலைவில் முணுமுணுக்க, நாளுக்கு ஒரு கிளையாக நிதானமாக வரைந்தாள். சூசையும் ஜொகராவும் பக்கத்தில் துணையிருந்தார்கள். மரம் மதிலின் தலையை எட்டியது, பக்கவாட்டில் படர்ந்தது, இலை விட்டது.

பங்குனியில் ஒரு நாள், உச்சி வெயிலில், சாலையில் ஓர் ஆட்டு மந்தை வந்தது. ஒன்றின் வயிற்று நிழலில் ஒன்று தலை நுழைத்து நடந்துவந்த ஆடுகள், மதிலருகே வந்ததும் மேய்ப்பவரின் சத்தத்தைச் சட்டைசெய்யாமல் சாலையை விட்டு இறங்கி, மதிலடியில் ஒடுங்கிய வரிசையாகவும் அப்பால் அகன்ற வட்டமாகவும் படுத்து அசைபோட்டன. ஏணிமேல் நின்றிருந்த குருவம்மாள் குனிந்து பார்த்தபோது, தான் சுவரில் வரைந்த மரம் ஆடுகளால் தரையில் வரையப்பட்டிருப்பதைக் கண்டாள்.

ஜொகரா பீவி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

“சூசையண்ணே, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. ஒங்களுக்கு இங்கன குளுந்தாப்புலயா இருக்கு?”

சூசை, தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். “மாசி பொறந்ததுலேருந்து. எனக்கு முத்திப்போச்சுன்னு நெனச்சு, டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரையக் கூட்டி வாங்கிட்டேன்.”

“அடப்பாவி மனுசா. நானும்தான் வாயை மூடிக்கிட்டுக் கெடக்கேன். வீட்டுல சொன்னா மறுபடி தாயத்துக் கட்ட இழுத்துட்டுப் போவாகளே.”

“எனக்கும் குளுருது,” என்றாள் மேலிருந்து குருவம்மாள். “ஒங்க ரெண்டு பேருக்கும் வேர்க்குமேன்னுதான் சொல்லாம இருந்தேன்.” பிறகு சற்று யோசித்து, “அப்ப ஆட்டுக்கும் நம்ம வியாதியா?” என்றாள்.

சூசை ஆடுகளை நெடுநேரம் பார்த்தான். “இத்தனை ஆட்டையும் வியாழக்கிழமை வரிசையில நிப்பாட்ட முடியாது. இது நெழலாத்தான் இருக்கும்,” என்றான்.

இவ்வாறு, வேறெந்தக் கூட்டமும் முதல் நாளே கண்டு கூச்சலிட்டிருக்கக்கூடிய ஒன்றை, அவர்கள் மூவரும் ஒருவருக்கொருவர் மரியாதை காத்து, ஆளுக்கொரு நோயாக மறைத்துவைத்திருந்தார்கள். மேய்ப்பவரோ எதையும் விசாரிக்கவில்லை. கம்பைத் தலைக்கு வைத்து ஆடுகளுக்கு நடுவில் படுத்துக் குறட்டை விட்டார்.

ஊர் அந்த நிழலை ஏற்றுக்கொண்ட விதம், ஊர்கள் மழையை ஏற்றுக்கொள்ளும் விதமாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்பதைவிட யார் பாத்திரத்தை முதலில் வைப்பது என்பதே பேச்சாயிற்று. வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பவளக்கொடி தன் கூடையை மறுநாளே அங்கு மாற்றினாள். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், சவரக்காரர் நாற்காலியோடு வந்தார், வலப்பக்கக் கிளை தங்களுக்கு என்று இரு தரப்பும் வாதாடி, காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் என்று முடிவாயிற்று. கூரை போட்ட நிறுத்தம் நாய்களுக்கு விடப்பட்டது. மினிபஸ் கண்டக்டர்கள் 'கரிமரமெல்லாம் எறங்கு' என்று கூவினார்கள். சாலையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர்கள், மற்ற மரங்களுக்குப் போட்டதுபோல இதற்கும் அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஓர் எண் போட்டுவிட்டு, அதன் நிழலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கல்லூரியிலிருந்து வெப்பமானியோடு வந்த ஒருவர் அளந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஒரு வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றார். காற்றடித்தால் சுவரில் இலைகள் அசையவில்லை, ஆனால் தரையில் நிழல் அசைந்தது. காக்கைகள் மட்டும் ஏமாந்தன. கிளையென்று பறந்துவந்து மதிலில் மோதி, அவமானப்பட்டவைபோல நடந்து போயின.

குருவம்மாளுக்கு இவற்றில் எதுவும் வியப்பாக இல்லை. சுவருக்குள் ஆட்கள் பேசக் கேட்டவளுக்குச் சுவரிலிருந்து நிழல் விழுவது பெரிதன்று. அவளை வியக்கச் செய்தது வேறொன்று. பவளக்கொடி ஒரு நாள், கூடையிலிருந்து பிஞ்சாகத் தேர்ந்து ஒன்றை எடுத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி நீட்டி, “தின்னு, குருவம்மா மதினி,” என்றாள். சென்ற ஆண்டு இதே பவளக்கொடிதான் தன் வீட்டுச் சுவரருகே அவளைக் கண்டு சாணித்தண்ணீரை வீசியவள். குருவம்மாள் அந்த வெள்ளரிப்பிஞ்சைத் தின்னாமல் மாலைவரை கையில் வைத்திருந்தாள். தன் பெயரை இன்னொருவர் வாயில் கேட்பது, தண்ணீர் குடிப்பதுபோல் தொண்டையிலிருந்து கீழே இறங்குவதாக இருந்தது.

அந்த ஊரின் தெய்வம் வெயிலுகந்தம்மன். சித்திரைப் பொங்கலுக்கு ஊர்ப்பெண்கள் அக்கினிச்சட்டி ஏந்தி, பாக்டரி முக்கிலிருந்து கோயில்வரை, உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடப்பார்கள். தார் உருகிக் காலில் ஒட்டும். திருவிழாக் கமிட்டித் தலைவர் கோதண்டம் சைக்கிள்கடை வைத்திருந்தவர், எதையும் சுற்றிவளைத்தே கேட்பவர். அவர் குருவம்மாளிடம் வந்து, வெயிலைப் பற்றியும் தாரைப் பற்றியும் தம் தாயார் காலில் வந்த கொப்புளத்தைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில், மரத்தைக் கோயில்வரை கொண்டுபோக இயலுமா என்று கேட்டார். வெயிலை உகந்த தாய்க்கு நிழலில் நடந்து போகலாமா என்று பூசாரி சந்தேகம் கிளப்பியபோது, “வெயில் ஆத்தாளுக்கு உகந்தது. நம்ம காலுக்கும் உகந்ததுன்னு ஆத்தா எப்பச் சொன்னா?” என்று கோதண்டமே தீர்த்து வைத்தார்.

அவள் ஒப்புக்கொண்டாள். விளக்குமாற்றோடு வந்தவர்கள் இப்போது தங்கள் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்கு ஒரு கிளை, எங்கள் சுவருக்கு இரண்டு கிளை என்று கேட்டார்கள். டீக்கடைக்காரர் கரியைச் சலித்துத் தந்தார்.

மாத்திரை தின்ற காலையில் அவள் கை மெதுவாகவே ஓடியது. அன்று போட்ட கிளையின் நிழல் சற்று வெளிறியிருந்தது என்று பவளக்கொடிக்குப் பட்டது. வெளிறியிருந்ததா, அவளுக்குப் பட்டதா என்பதில் இன்றும் ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. ஆனால் பேச்சு பரவிவிட்டது. யாரும் அவளிடம் மாத்திரையை விடு என்று சொல்லவில்லை. “மதினி, இந்தச் சித்திரை மட்டும்,” என்றாள் பவளக்கொடி. “பொங்கல் முடியட்டும், பெறகு ஆற அமரத் தூங்கலாம்,” என்றார் கோதண்டம். தம்பி மனைவிகூட, சோற்றுத் தட்டின் பக்கத்தில் மாத்திரையை எடுத்துவைக்கும் வழக்கத்தை, மறந்தவள்போல நிறுத்திக்கொண்டாள். யாரும் கெட்டவர்கள் அல்லர், கால் சுடுகிறவர்கள்.

குருவம்மாள் மாத்திரையை விட்டாள். தன் பெயர் தன்னிடமே இருக்கவேண்டும் என்று விட்டாள்.

கை பறந்தது. கிளைகள் வீடு தாண்டி வீடு, பள்ளிக்கூடம் தாண்டி, கூட்டுறவு பாங்குவரை ஓடின. தூக்கம் முதலில் பாதியாகி, பிறகு கண்ணை மூடித் திறக்கும் அளவாகி, பிறகு வேண்டாத விருந்தாளியாகி வாசலோடு திரும்பிப் போயிற்று. அவள் நின்றுகொண்டே உண்டாள். பேசத் தொடங்கிய வாக்கியம் முடியுமுன் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள். அடுத்த தெருவிலிருந்த குழாயடிப் பெண்கள் இந்தத் தெருவுக்கு வந்தார்கள், ஏணிக்கு வந்தார்கள், காதோரம் வந்தார்கள். முதலில் மெச்சினார்கள்: எத்தனை இலை, எத்தனை அழகு. பிறகு ஏவினார்கள்: இன்னும் ஒன்று, அங்கே ஒன்று, இறங்காதே, இறங்கினால் மரம் விழும், மரம் விழுந்தால் உன்னைக் கல்லால் அடிப்பார்கள். முன்பு கோடு இழுத்தால் தாழ்ந்த குரல்கள், இப்போது இழுக்க இழுக்க உயர்ந்தன. அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. கீழே ஊரே அண்ணாந்து அவளைக் குருவம்மா, குருவம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எந்தக் குரல் சுவருக்குள்ளிருந்து, எது வெளியிலிருந்து என்று பிரிக்க அவளுக்கு நேரமிருக்கவில்லை.

சூசையும் ஜொகராவும் ஏணியோடு கூடவே நகர்ந்தார்கள். ஏணி பாங்குச் சுவருக்குப் போனால் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அவன் மூடிகளில் துளையிட்டான், அவள் தைத்தாள். அவர்களை எடுபிடிகள் என்று நினைத்து ஊரார் மோர் கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு முந்திய நாள் மாலை, வெயில் தாழ்ந்து எல்லா நிழல்களும் நீண்டு கிழக்கே சாய்ந்த வேளையில், ஜொகரா பீவியின் ஊசி கீழே விழுந்தது. ஊசியைத் தேடிக் குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். சூசை அவள் பார்த்த இடத்தைப் பார்த்தான். மின்கம்பத்தின் நிழல் கிடந்தது. அவன் நிழலும் அவள் நிழலும் கிடந்தன. ஏணியின் நிழல், படி படியாகத் தெளிவாகக் கிடந்தது. ஏணிமேல் நின்று கையை ஓயாமல் வீசிக்கொண்டிருந்தவளின் நிழல் மட்டும் அதில் இருக்கவில்லை.

“ஒங்களுக்குத் தெரியுதா?” என்றாள் ஜொகரா, தணிந்த குரலில்.

“ஒனக்கு என்ன தெரியுது, அதச் சொல்லு மொதல்ல.”

“ஏணி மட்டும்.”

“எனக்கும் ஏணி மட்டும்தான்.”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லையோ அவர்கள் இத்தனை காலமாக வாயில் எடுத்ததில்லை. சூசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். பக்கத்தில் உட்கார்ந்தே பழகியவன், எழுந்து நின்று ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“குருவம்மா. ஒன் நெழல் இல்ல.”

குருவம்மாளின் கை நின்றது. அன்றைக்கு அவள் காதில் விழுந்த அத்தனை சத்தங்களுக்கும் நடுவே அந்த ஒரு சொல், தரையில் விழுந்த எவர்சில்வர் தட்டைப்போலக் கேட்டது. குழாயடிப் பெண்கள்கூட யார் பேசியது என்று திரும்பிப் பார்ப்பவர்கள்போல் ஒரு கணம் ஓய்ந்தார்கள்.

“நீங்களுமாண்ணே,” என்றாள். “நீங்களும் அந்தச் சொல்லச் சொல்லிட்டீகளா?”

“சொல்லிட்டேன். வையறதுன்னா வையி. கீழ பாத்துட்டு வையி.”

அவள் பார்த்தாள். ஏணியின் நிழலைப் பார்த்தாள். கையை நீட்டினாள், மடக்கினாள், தலையைச் சாய்த்தாள். தரையில் எதுவும் அசையவில்லை. தெரு நெடுகத் திரும்பிப் பார்த்தாள். பாக்டரி முக்கிலிருந்து பாங்குவரை கறுத்துக் குளிர்ந்து கிடந்த நிழலில், கயிற்றுக்கட்டில்களும் கூடைகளும் சைக்கிள்களும் ஆடுகளும் மனிதர்களுமாக ஊரே அமர்ந்திருந்தது.

“எறங்குனா மறுபடியும் கரிக்கிறுக்கி ஆயிருவேன்ணே.”

“நான் மூடிக்கிறுக்கன். இந்தா, இவ நூல்கிறுக்கி,” என்றான் சூசை. “எடம் இருக்கு. எறங்கு.”

“நூல்கிறுக்கின்னு என்னைய எவன் சொன்னான்?” என்றாள் ஜொகரா.

“நானே வச்சேன், இப்பத்தான்.”

குருவம்மாள் சிரித்தாளா அழுதாளா என்பதில் கதை சொல்பவர்கள் ஒத்துப்போவதில்லை. இறங்கினாள் என்பதில் ஒத்துப்போகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் காதோரம் ஒரு மிரட்டல் கேட்டது. கோயில்வரை போகவேண்டிய மரம் பாங்குச் சுவரில், பாதி வரைந்த ஓர் இலையோடு நின்றது. டாக்டர் அப்போது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்களில் ஒருவர், திருவிழாவையும் கோதண்டத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வந்து எடைமேடைக் கொட்டகையில், ஜொகரா பீவி தைத்துவைத்திருந்த சேலைகளை விரித்துப் படுத்தவள், கல் கிணற்றில் இறங்குவதுபோல் தூக்கத்தில் இறங்கினாள்.

மறுநாள் நடந்ததை அவள் காணவில்லை. பின்னாளில் பலர் வாயால் கேட்டதே அவளுக்குத் தெரியும். கேட்டவை ஒன்றோடொன்று பொருந்தவும் இல்லை.

எல்லோரும் சொல்வது இது: விடியும்போது சுவர்களில் ஓர் இலை இருக்கவில்லை. கரிக் கிளைகள் மட்டும், மாசி மாதத்து மரம்போல, மொட்டையாக நின்றன. நிழல் வலைபோல் மெலிந்து, வெயிலைச் சல்லடையாகத் தரையில் விட்டது. கோதண்டம் தெருவின் நடுவில் நின்று, முதன்முறையாகச் சுற்றிவளைக்காமல், “எங்கே அவ?” என்று கேட்டார். பவளக்கொடி, நேர்ந்துகொண்ட மஞ்சள் சேலையும் ஈரத்தலையுமாக, கொட்டகையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். அவள் பின்னால் பாதி ஊர் நடந்தது.

கொட்டகை வாசலில் என்ன நடந்தது என்பதில்தான் கதைகள் பிரிகின்றன. சூசைமாணிக்கம் சொல்லும்போது, தான் வாசலில் மூடி கோத்துக்கொண்டிருந்ததாகவும், பவளக்கொடி கத்துவதற்கு வாயைத் திறந்தவள் உள்ளே எட்டிப் பார்த்து, திறந்த வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டதாகவும் சொல்வான். ஜொகரா பீவி சொல்லும்போது, தூங்குகிறவளின் பக்கத்தில், பிறந்த குழந்தை அளவுக்கு ஒரு நிழல் வந்து சுருண்டு கிடந்ததாகவும், அதைக் கண்டுதான் பவளக்கொடி பின்வாங்கியதாகவும் சொல்வாள். கோதண்டத்தின் சைக்கிள்கடையில் கேட்டால், நிழலும் கிழலும் ஒன்றும் இல்லை, அவள் வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், இப்படித் தூங்கும் மனுசியைத் தாமும் எழுப்பத் துணியவில்லை, அவ்வளவுதான் என்பார் அவர். பவளக்கொடியிடமே கேட்டவர்களுக்கு, “தூங்குறவள என்னன்னு வைய?” என்பதற்குமேல் எதுவும் கிடைத்ததில்லை.

அதன்பிறகு கதை மறுபடி ஒன்றாகிறது. முந்திய ஆண்டுகளில் செய்ததுபோலவே, பெண்கள் குடங்களில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெருவில் ஊற்றினார்கள். ஊற்றிய நீர் ஆவியாக எழுந்தது. அக்கினிச்சட்டிகள் கிளம்பின. பாக்டரி முக்கில், வழக்கம்போல, உறுமிக்காரர்களும் தவில்காரரும் கையை ஓங்கினார்கள். தலைக்குமேல் தீச்சட்டி எரிய, கையில் வேப்பிலையோடு முன்வரிசையில் நின்ற பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள்.

“இங்கன கொட்டாதீக,” என்றாள். “பாங்கு தாண்டிக் கொட்டிக்கிடலாம்.”

“கொட்டாம ஆத்தா எப்படி வருவா?” என்றார் தவில்காரர்.

“நடந்து வருவா. நானெல்லாம் நடக்கல?”

உறுமிக்காரர்கள் தோலின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்கள், தெரியாமல்கூட ஒரு சத்தம் வந்துவிடாமல். குலவை போட வாய்குவித்த பெண்கள் மூச்சை மட்டும் விட்டார்கள். அழுத குழந்தைகளின் வாயில் மிட்டாய் வைக்கப்பட்டது. வெயிலை உகந்த தாயின் திருவிழா, மொட்டைக் கிளைகளின் சல்லடை நிழலில், உருகிய தாரில் வெறுங்கால்கள் ஒட்டிப் பிரியும் சத்தமும் சட்டிகளில் தீ படபடக்கும் சத்தமும் அன்றி வேறு சத்தமின்றி, எடைமேடைக் கொட்டகையைக் கடந்து போயிற்று. சாமி வந்து ஆடுகிற மூதாட்டி ஒருத்தி அந்த இடத்தில் மட்டும் ஆட்டத்தை நிறுத்தி, நுனிக்காலில் நடந்தாள் என்று கிழக்குத் தெருவில் சொல்கிறார்கள். மேலத் தெருவில் அதை ஒப்புக்கொள்வதில்லை; அங்கே, அவள் ஆடிக்கொண்டேதான் போனாள், ஆனால் சத்தமில்லாமல் ஆடினாள் என்கிறார்கள்.

குருவம்மாள் கண் விழித்தபோது கொட்டகையில் மாலை வெளிச்சம் இருந்தது. எந்த நாளின் மாலை என்று அவளுக்குத் தெரியவில்லை. நாக்கு தடித்திருந்தது. காதைத் தீட்டிக் கேட்டாள். குழாயடிப் பெண்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் இரண்டு தெரு தள்ளி; என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஜொகரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். காலடியில் பவளக்கொடி, மஞ்சள் சேலையோடு, இரண்டு கால்களையும் நீட்டிப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

குருவம்மாள் எழுந்திருக்க முயன்றாள். உடம்பு வரவில்லை.

“பொங்கல் முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“கொட்டுச் சத்தமே கேக்கலையே.”

“கொட்டுனாத்தானே கேக்கும்,” என்றாள் பவளக்கொடி, எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

குருவம்மாள் அந்தக் கொப்புளங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது. “கால் இப்படிப் பொத்துப்போச்சே, மதினி.”

“வருசா வருசம் பொக்குறதுதான்.”

“மரம்?”

“மொட்டையா நிக்கிது. அதுபாட்டுக்கு நிக்கட்டும்.”

“ஊர்ல எல்லாரும் எம்மேல கோவமா இருக்காகளா?”

பவளக்கொடி அதை யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“காலையில கோவம்,” என்றாள். “இப்பக் கால்வலி.”

வெளியே சூசை யாரிடமோ தேத்தண்ணீருக்கு இஞ்சி தட்டச் சொல்லிக்கொண்டிருந்தான். சேலை விரிப்பின்மேல் இருந்த தன் கைகளைக் குருவம்மாள் பார்த்தாள். கரி ஏறிய நகங்கள், ஓய்ந்து கிடந்த விரல்கள். அவை எதையும் தேடவில்லை.

“நான் இப்ப எந்திரிக்கணுமா, மதினி?”

“எந்திரிச்சு என்ன செய்யப் போற?”

“ஒண்ணுமில்ல.”

அந்தச் சொல்லை அந்தக் கொட்டகைக்குள் சொல்லிவிட்டோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. தலையணையாகச் சுருட்டிவைத்திருந்த துணியைத் தட்டிச் சரிசெய்தாள்.

“அப்ப இன்னுங் கொஞ்சம் படுத்துக்கிடுறேன்,” என்று சொல்லி, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.